கூண்டில் தவறிச் சிக்கும் காட்டுயிர்களைப் பாதுகாப்பாக விடுவிக்க ஏற்பாடு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
குடியிருப்போர் (கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
வன அலுவலர் அவர்கள்,
வனத்துறை அலுவலகம்

பொருள்: கொல்லைப்புறக் கூண்டுகளில் சிக்கும் விலங்குகளைக் கையாள வழிகாட்டுதலும் இரவுநேர உதவி எண்ணும் வேண்டுதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

பெருச்சாளித் தொல்லை பொறுக்காமல் எங்களில் ஒருவனாகிய நான் வைத்த கூண்டில், சென்ற மாதம் ஒருநாள் விடியற்காலையில் ஒரு மரநாய் சிக்கியிருந்தது. இரவெல்லாம் கம்பியில் முட்டியதில் மூக்கு நுனி உரிந்து இரத்தம் கசிந்தது. சுற்றிலும் ஆறேழு பேர் கூடிவிட்டோம். ஒருவர் குச்சியை உள்ளே விட்டார். கூண்டோடு தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிவிடலாம் என்றார் இன்னொருவர். அது எளிய சாவு என்றே அவர் நம்பியிருந்தார். தொலைபேசியில் உதவி கேட்டேன். "ஆள் இல்லை, எங்காவது தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்று பதில் வந்தது.

அப்படியே செய்தோம். கூண்டைத் தூக்கும்போது அதன் வயிற்றில் காம்புகள் புடைத்திருந்ததைப் பார்த்தேன். அதற்கு என்ன பொருள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு பரணிலிருந்து முனகல் கேட்டது. மூன்று குட்டிகள். இரண்டு பிழைக்கவில்லை. மூன்றாவதை ஒரு கால்நடை மருத்துவர் வாங்கிக்கொண்டார்.

தொலைவில் விடுவது கருணை என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். பழகாத இடத்தில் தண்ணீர் எங்கே, பதுங்க மறைவு எங்கே என்று அந்த விலங்குக்குத் தெரியாது. அங்கே ஏற்கெனவே இருப்பவை அதை விரட்டும். அதன் உடலில் நோய் இருந்தால் அதுவும் கூடவே போகும். இங்கே காலியான இடத்துக்கு வேறொன்று வந்து சேரும். ஓட்டின் கீழுள்ள இடைவெளியை, குட்டிகள் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு அடைப்பதே நிலையான தீர்வு. இதை அந்த மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். கூண்டு வாங்கிய அன்றே யாராவது சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது.

எனவே, விற்கப்படும் அல்லது இரவல் தரப்படும் ஒவ்வொரு கூண்டிலும் ஒரு குறிப்பு அட்டை கட்டப்பட வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. கூண்டை வெயிலில் வைக்கக் கூடாது, காலையும் மாலையும் தவறாமல் பார்க்க வேண்டும், பார்க்க முடியாத நாளில் கதவை மூடிவிட வேண்டும் என்று அதில் இருக்கட்டும். சிக்கிய விலங்கின் மேல் கெட்டித் துணியைப் போர்த்தினால் இருட்டில் அது அடங்கிவிடும். துணியோடு மெல்ல நெருங்கி, கையுறை அணிந்து, மேல்பிடியை மட்டும் பற்ற வேண்டும். இரவில் நடமாடும் விலங்கை அந்தி சாயும்போது, பிடித்த இடத்துக்கு அருகிலேயே, கதவு புதர்ப்பக்கம் பார்த்திருக்க வைத்து, கூண்டின் பின்னால் நின்று கயிற்றால் கதவைத் தூக்கி விடுவிக்க வேண்டும். அது உடனே வெளியே வராது. தட்டி விரட்டாமல் காத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் நாங்களே செய்துகொள்ள முடியாது. வாயில் எச்சில் வழிய, தள்ளாடி, ஆளைக் கண்டு அஞ்சாமல் நிற்கும் விலங்கையும், கூண்டுக்குள் நுழைந்த பாம்பையும், பாலூட்டும் தாயையும் பயிற்சி பெற்றவர்தான் கையாள வேண்டும். அதற்காக இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண் ஒன்று தேவை. கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும் என்பதும் அட்டையில் தடித்த எழுத்தில் வரட்டும். விலங்கின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், வெறுங்கையால் கூண்டைக் கழுவக் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டுகிறோம்.

செய்முறை விளக்கம் ஒன்றைத் தங்கள் ஊழியர் வந்து நடத்தினால் பெரிதும் உதவும். எங்கள் தெருவில் மட்டும் ஏழு கூண்டுகள் இருக்கின்றன. அனைத்தையும் கதவு மூடி வைத்திருக்கிறோம். தேதி தெரிவித்தால் அவற்றோடு வந்து நிற்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியிருப்போர்