நெட்வொர்க் மார்க்கெட்டிங்கை விட்டுச் சொந்தச் சரக்கு தொடங்கும் கடலூர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் உணவு உரிம விண்ணப்பங்களை நிரப்பித் தருவது என் தொழில். ஆள் சேர்த்து, அவர்கள் வாங்குவதில் கமிஷன் பெறும் நெட்வொர்க் மார்க்கெட்டிங்கிலிருந்து விலகி, பண்ருட்டிப் பலாக்காய் மாவையோ முருங்கைக்கீரைப் பொடியையோ சொந்தப் பெயரில் விற்க முனையும் உங்களில் பலர் என்னிடம் வருகிறீர்கள். உழைப்பிலும் பேச்சிலும் உங்களுக்குக் குறையில்லை. பழைய தொழிலில் பழகிய கணக்குதான் புதிய தொழிலில் உங்களைக் கவிழ்க்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

“எனக்குக் கீழே சேர்ந்த டவுன்லைனில் 200 பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு டப்பா வாங்கினாலே போதும்” என்று நம்பி, முதல் தவணையிலேயே பெருஞ்சரக்கை அரைத்து அடைத்துவிடுகிறீர்கள். அவர்களில் பெரும்பாலோர் மாதந்தோறும் கம்பெனிப் பொடியை வாங்கியது அது பிடித்துப்போனதால் அல்ல, வாங்குவதற்குக் கிடைக்கும் பாயின்ட் குறைந்தால் கமிஷன் நின்றுவிடும் என்பதால்தான். கமிஷன் இல்லாத உங்கள் மாவை உறவுக்காக ஒருமுறை வாங்குவார்கள். இரண்டாவது டப்பாவைத் தாமாகக் கேட்டு வருபவர்கள் எத்தனை பேர் என்று பார்த்த பிறகே அடுத்த மூட்டைக்கு முன்பணம் கொடுங்கள். ஐப்பசி மழையில் கீரைப்பொடி ஈரம் இழுத்துக் கட்டிதட்டிப்போகும் கடற்கரை ஊர் இது. விலையையும் பழைய கம்பெனியைப் பார்த்து வைக்காதீர்கள். பல அடுக்குக் கமிஷனைச் சுமந்த அந்த விலையைத் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் சத்துமாவு வாங்குபவர் தரமாட்டார்.

இதைவிட எனக்குக் கவலை தருவது லேபிள். “சர்க்கரையை வேரோடு அறுக்கும்” என்று எழுதிய மாதிரிகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னபோது பெயர் கம்பெனியுடையதாக இருந்தது; இப்போது தயாரிப்பாளர் நீங்கள், டப்பாவில் இருப்பது உங்கள் வீட்டு முகவரி. மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம், 1954-இன் பட்டியலில் நீரிழிவு, உடல் பருமன், இரத்த அழுத்தம் மூன்றும் இருக்கின்றன. அவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்து முதன்முறை தண்டிக்கப்பட்டாலே ஆறு மாதம் வரை சிறை உண்டு. லேபிளும் வாய்மொழி அறிவிப்பும் அச்சட்டத்தின்படி விளம்பரம்தான் என்பதால், “எங்கள் அத்தைக்கு மாத்திரையே நின்றுவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதையும் விட்டுவிடுங்கள். (அதைக் கேட்டு எவரேனும் மாத்திரையை நிறுத்திவிட்டால் எந்த அபராதமும் ஈடாகாது.) நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ்த் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மாவை ஹெல்த் சப்ளிமென்ட்டாக விற்பதானால், மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல என்ற வாசகம் லேபிளில் கட்டாயம்.

விற்பனை மந்தமானதும் சிலர், ஆள் சேர்ப்பவருக்குப் பங்கு என்று பழைய பிளானையே சிறிதாக்கி எடுத்து வருகிறீர்கள். 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள், ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பிரமிட் திட்டங்களைத் தடை செய்கின்றன. ஆள் சேர்ந்தால் எளிதில் பணம் வரும் என்று ஆசைகாட்டும் பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978 முதலே தனித் தடைச் சட்டம் உண்டு. அதற்குப் பதிலாக, கடைக்காரருக்கு நியாயமான லாபம் விட்டு, விற்ற பின் பணம் என்ற முறையில் நான்கைந்து கடைகளில் வைத்துப் பாருங்கள்.

லேபிள் வாசகத்தை அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன்பு, என்னிடம் இல்லாவிட்டாலும் விவரம் தெரிந்த ஒருவரிடம், அவசியம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உரிம விண்ணப்ப உதவியாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்