வேகப்படகை, கில் ஸ்விட்ச் (எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச்) கயிற்றை மாட்டாமல் வேகமாக ஓட்டக் கூடாது என உத்தரவிடக் கோரி மனு

அனுப்புநர்:
அவுட்போர்டு எஞ்சின் மெக்கானிக்,
கிழக்குக் கடற்கரைச் சாலை, செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுலா, பண்பாடு மற்றும் அறநிலையங்கள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: உல்லாசப் படகுகளை ஓட்டுபவர் எஞ்சின் நிறுத்தக் கயிற்றை உடம்பில் மாட்டுவதைக் கட்டாயமாக்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் பதினாறு வருடமாக அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டுகிற எஞ்சின், பழுது பார்க்கிறேன். கடைக்கு வருவது பெரும்பாலும் மீனவர்களின் ஃபைபர் படகு எஞ்சின்தான், சுற்றுலாப் படகுகள் நாலைந்து வருடமாகத்தான் அதிகம் வருகின்றன. மனு எழுதிப் பழக்கமில்லை, பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

போன மே மாத லீவில் என் மகளையும் அக்கா பிள்ளைகளையும் ஒரு தனியார் வேகப்படகு சவாரிக்குக் கூட்டிப் போனேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை, அந்த ஒரு இடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு விஷயம் முடிந்தது என்று ஆகிவிடும். அங்கே லைஃப் ஜாக்கெட்டில் ஒரு குறை சொல்ல முடியாது, பையன் ஒருவர் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாரை இழுத்துப் பார்த்து மாட்டிவிட்டார். ஆனால் தொழில் புத்தி, என் கண் ஸ்டியரிங் பக்கம்தான் போனது. சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு தொங்கும், ஓட்டுநர் விழுந்தால் எஞ்சினை அணைக்கிற கில் ஸ்விட்ச் கயிறு அதுதான். அதன் ஒரு முனை கிளிப் ஸ்விட்சில் இருந்தது, சரி. ஓட்டுநர் உடம்பில் இருக்க வேண்டிய மறுமுனையை ஸ்டியரிங் தண்டில் சுற்றி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார்கள்.

நடுத்தண்ணீரில் ஓட்டுநர் "ஒரு ரவுண்டு வளைச்சுக் காட்டட்டுமா சார்?" என்று கேட்டார். பிள்ளைகள் கத்தினார்கள், கேட்கவா வேண்டும். அவர் சீட்டின் முதுகு விளிம்பில் ஏறி உட்கார்ந்து ஒற்றைக் கையால் திருப்பினார். எங்கள் படகு கிளப்பிய அலையையே நாங்கள் குறுக்கே வெட்டியபோது படகு ஒரு தூக்குத் தூக்கியது. அவர் கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டது, கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துச் சமாளித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்கு வியர்த்துவிட்டது.

கரைக்கு வந்ததும் கயிற்றைப் பற்றிக் கேட்டேன். "அது மாட்டினாத்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும் சார், அதான் மாட்டியிருக்கேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை, அது எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பைக்கில் கையை எடுத்தால் ஆக்சிலரேட்டர் தானாகக் குறையும். படகில் அப்படி இல்லை, த்ராட்டில் நெம்புகோல் வைத்த இடத்திலேயே நிற்கும். ஓட்டுநர் தண்ணீரில் விழுந்தாலும் எஞ்சின் அதே வேகத்தில்தான் ஓடும். பிடிக்க ஆள் இல்லாத ஸ்டியரிங்கை, தண்ணீருக்குள் சுற்றும் விசிறியின் (ப்ரொப்பெல்லர்) முறுக்கு விசை ஒரு பக்கமாக இழுத்துவிடும், படகு வட்டமடிக்க ஆரம்பிக்கும், விழுந்தவர் இருக்கும் இடத்துக்கே திரும்பி வரும். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும்போது, கியர் குறைப்பு போக, விசிறி சுமார் 2,500 சுற்றுச் சுற்றும். மூன்று இதழ் என்றால் நொடிக்கு நூறு வெட்டுக்கு மேல். லைஃப் ஜாக்கெட் அவரை மூழ்க விடாது, ஆனால் படகு வரும் வழியிலேயே மிதக்கவிட்டு வைத்திருக்கும். அந்தக் கயிறு இடுப்பிலோ ஜாக்கெட்டிலோ இருந்தால், விழுந்த வேகத்தில் கிளிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஓரிரு நொடியில் எஞ்சின் அணைந்துவிடும். ட்ரெட்மில்லில் சட்டையில் மாட்டுகிற சிவப்பு கிளிப் மாதிரிதான்.

இங்கிலாந்தில் பேட்ஸ்டோ பக்கம் 2013 மே மாதம் ஒரு குடும்பத்தில் ஆறு பேரும் வேகப்படகிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். ஆளில்லாத படகு வட்டமடித்து அவர்கள் மேலேயே ஏறியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். அந்தப் படகிலும் கயிறு இருந்தது, யாரும் மாட்டியிருக்கவில்லை.

அமெரிக்காவில் இந்த ஸ்விட்சைப் படகுத் தயாரிப்பாளர்கள் பொருத்தியே ஆக வேண்டும் என்று 2018-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். பொருத்தினால் போதாது, மாட்ட வேண்டுமே. அதனால் 26 அடிக்குக் குறைவான உல்லாசப் படகை வேகமாக ஓட்டும்போது ஓட்டுநர் இந்த இணைப்பை மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் அங்கே விதி. மீறினால் முதல் தடவை 100 டாலர் அபராதம். கரையில் கட்டும்போதும் மெதுவாக நகரும்போதும் விலக்கு உண்டு, அது நியாயம்தான், அந்த விலக்கு நமக்கும் வேண்டும்.

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023-இல் கேரளாவின் தானூரில் இன்னொரு 22 பேர். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆள் எண்ணிக்கை, ஜாக்கெட் என்றுதான் பேசினோம். அவை தேவைதான். எஞ்சின் பக்கம் மட்டும் யாரும் திரும்பவில்லை.

முட்டுக்காடு, முதலியார்குப்பம், பைக்காரா என்று அரசுப் படகு இல்லங்களே இருக்கின்றன. அங்கே ஒரு உத்தரவு போட்டுத் தொடங்கினால் தனியாருக்கும் தானாகப் பரவும். உள்நாட்டுக் கலங்களுக்கான 2021-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி பதிவு, ஆய்வு எல்லாம் மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது, ஆய்வுப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். ஆய்வாளர் கயிறு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து டிக் அடித்தால் பிரயோஜனம் இல்லை. எஞ்சின் ஓடும்போது கிளிப்பைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உப்புத் தண்ணீரில் ஸ்விட்ச் துருப்பிடித்து இறுகிப் போயிருக்கும், இல்லை என்றால் ஸ்விட்ச் வேலை செய்யாதபடி ஒயரை டைரக்ட் செய்திருப்பார்கள். தினமும் முதல் சவாரிக்கு முன் ஓட்டுநரும் இதைச் செய்ய வேண்டும், அரை நிமிட வேலை. அப்புறம், படகில் உபரி கிளிப் ஒன்று கட்டாயம் வேண்டும். ஓட்டுநர் கயிற்றோடு தண்ணீரில் விழுந்துவிட்டால், படகில் இருப்பவர்கள் எஞ்சினைக் கிளப்பி அவரைத் தூக்க அது இல்லாமல் முடியாது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. விலை என்று பார்த்தால் சில நூறு ரூபாய்.

ஓட்டுநர்கள் முனகுவார்கள். எழுந்து திரும்பினாலே இழுபட்டு அணைந்துவிடுகிறது என்பார்கள். ஓடும் வேகப்படகில் ஓட்டுநர் எழுந்து திரும்பக் கூடாது என்றுதானே கேட்கிறோம்.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. "அண்ணே, இந்த ஸ்விட்ச் தொல்லை, டைரக்ட் பண்ணிக் கொடுத்துடுங்க" என்று கேட்டு வந்தவர்களுக்கு நானே ஒயரைத் துண்டித்துக் கொடுத்திருக்கிறேன். இருநூறு ரூபாய் வாங்கியிருக்கிறேன். அந்த மே மாதத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். நோட்டைப் புரட்டி, அப்படிச் செய்து கொடுத்த சுற்றுலாப் படகுகளைத் தேடிப் போய் மூன்றைக் காசு வாங்காமல் பழையபடி மாற்றிவிட்டேன். நான்காவது படகின் முதலாளி, "அரசாங்கம் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவருக்காகத்தான் இந்த மனு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அவுட்போர்டு எஞ்சின் மெக்கானிக்