அண்ணன் கால்சட்டையைத் தங்கை போடக் கூடாதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்ச் சங்கங்களிலும் கோயில் குழுக்களிலும் பொறுப்பு வகித்துக்கொண்டே, பள்ளி நிர்வாகக் குழுக்களிலும் பெற்றோர் சார்பில் இருக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது நம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் சீருடை வாங்கப் பெற்றோர் படும் பாடு நீங்கள் அறிந்ததுதான். மூத்தது போட்டதை இளையது போட்டு வளர்வது நம் வீட்டு வழக்கம். மூத்தது பையனாகவும் இளையது பெண்ணாகவும் இருந்துவிட்டால், உங்கள் விதி அந்த வழக்கத்தை அறுத்துவிடுகிறது. பையனுக்குச் சாம்பல் நிறக் கால்சட்டை, பெண்ணுக்கு டியூனிக் எனும் கையில்லாக் கவுன். முழங்கால்கூடத் தேயாத கால்சட்டை அலமாரியில் கிடக்க, தங்கைக்குப் புதிது வாங்கக் கடன் கேட்கிறோம்.

என் மகள் அண்ணனுடையதைப் போட்டுக்கொண்டு போனாள். பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சட்டையும் ஆகாதாம், பொத்தான் ஆண்கள் சட்டைபோல வலப்பக்கம் இருக்கிறதாம். சின்னப் பிள்ளையின் உடம்புக்குப் பொத்தான் எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

நம் பழக்கத்தையே பாருங்கள். பிறந்த குழந்தையைப் பாட்டியின் பழைய சேலையிலோ தாத்தாவின் பழைய வேட்டியிலோதான் சுற்றினோம். அது ஆண் துணியா, பெண் துணியா என்று யாரும் பார்க்கவில்லை. ஆண் பிள்ளைக்குப் பாவாடை கட்டி, பூச்சூட்டி, பொட்டு வைத்துப் படம் எடுத்த வீடுகள் எத்தனை! ஆனால் இன்று அக்காவின் ரோஸ் நிறக் கம்பளி ஜெர்சியைத் தம்பிக்கு மாட்டிவிடக் கூசுகிறோம். 1918-இல் அமெரிக்கத் துணி வணிக இதழ் ஒன்று, இளஞ்சிவப்பு பையனுக்கு, நீலம் பெண்ணுக்கு என்றுதான் எழுதியது. பிற்பாடு சந்தையில் இடம் மாறிய நிறங்களுக்காக நம் பிள்ளைகள் குளிரில் நடுங்க வேண்டுமா?

கால்சட்டை போட்டால் பெண் பிள்ளைக்கு அடக்கம் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் இடைவேளையில் பள்ளி மைதானத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். டியூனிக் தூக்கிவிடுமோ என்று பயந்து, ஓடாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் அங்கே கண்ணில் படுவார்கள்.

உங்களுக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. 1996-ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, மாணவர், பெற்றோர், ஆசிரியரைக் கலந்து நடத்தை விதிகளை ஏற்கும் பொறுப்பை நிர்வாகக் குழுவிடமே கொடுத்திருக்கிறது. நம் நாட்டு அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு பாலினத்தால் அநியாயமாகப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. 2006-இல் அரசு வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல், சீருடைச் செலவைக் கவனத்தில் கொள்ளச் சொல்கிறது. பிள்ளை என்ற குடும்பப் பெயரால் அறியப்படும் வழக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டர்பன் தமிழ்ப் பெண் ஒருத்தியின் மூக்குத்திக்காக அவள் தாய் தொடுத்த வழக்கு அது. காதுத் தோட்டை அனுமதித்த பள்ளி மூக்குத்தியைத் தடுத்தது. அது அநியாயமான பாகுபாடு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2007 அக்டோபரில் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் பொதுவானதாகத் தோன்றும் விதியும் சிலரை மட்டும் நசுக்கும் என்பதை அந்தத் தீர்ப்பிலிருந்து நம் சமூகம் படித்தது. அதை இப்போது நம் பெண்களுக்காகவும் கையில் எடுங்கள்.

நான் கேட்பது இதுதான். சட்டை, கால்சட்டை, ஜெர்சி, பிளேசர் எல்லாம் ஒரே பட்டியலில் வரட்டும். எந்தப் பிள்ளையும் அதிலிருந்து எதையும் போடலாம் என்று எழுதுங்கள். டியூனிக் விரும்பும் பெண்கள் அதையே போடட்டும், அதை யாரும் பறிக்க வேண்டாம். பொத்தான் பக்கம் பற்றிய பேச்சே வேண்டாம். பழைய சீருடைகளைக் கோயில் மண்டபத்தில் சேர்த்துக் கொடுக்கும்போது ஆண், பெண் என்று பைகளைப் பிரிக்காமல் அளவுப்படி அடுக்குங்கள். இந்த ஊர்த் துணித் தொழிற்சாலைகளில் ஆயுளைக் கழித்த பாட்டிகள் நம்மிடையே இருக்கிறார்கள். மடிப்பைப் பிரித்து இடுப்பைக் கூட்டிக் கொடுக்க அவர்களைக் கேளுங்கள், சந்தோஷமாக வருவார்கள்.

அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுங்கள். முடிவை நவம்பருக்குள் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், டிசம்பரில் நாங்கள் கடை ஏறுவதற்கு முன்.

இப்படிக்கு,
ஒரு மகனுக்கும் மகளுக்கும் தாய்,
சாட்ஸ்வர்த்