ஓதம் வற்றக் காத்திருந்த நாள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு, நியூசிலாந்தின் தென்தீவில் இருந்தேன் என்பதைத் தவிர வேறு சாக்கு என்னிடம் இல்லை. ஏபெல் டாஸ்மன் தேசியப் பூங்காவின் 60 கிலோமீட்டர் கடலோரப் பாதையில், மாரஹாவிலிருந்து தோதராநுயி வரையுள்ள பகுதியை நடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். 1642இல் அவ்வழியே வந்த டச்சு மாலுமி டாஸ்மன், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளுடன் நேர்ந்த மோதலில் நான்கு பேரை இழந்து கரையில் கால் வைக்காமலே போய்விட்டார். சரியாக 300 ஆண்டுகள் கழித்து, 1942இல், அவர் மிதிக்காத அந்த மண்ணுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்!

அங்குள்ள கருங்கல் பாறைகள் உதிர்ந்து, இரும்புக் கறை ஏறிய படிகத் துகள்களாகிக் கிடப்பதால், மணல் பொன்னிறமாக இருக்கிறது. ஈரமணலை அள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு துகளும் நாட்டுச் சர்க்கரையைப் போலப் பருமனாக, மங்கிய மஞ்சளாக இருந்தது.

அந்தப் பாதையில் நம் கடிகாரத்துக்கு மதிப்பில்லை, கடல் ஏறி வற்றும் ஓதத்துக்குத்தான் மதிப்பு. ஆவாரோவா கழிமுகத்துக்குப் பாலமோ சுற்றுவழியோ கிடையாது; கடல் முழுதாக வற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து, வற்றிய பின் இரண்டு மணி நேரம் வரைதான் இறங்கிக் கடக்கலாம். விடிகாலை வற்றத்தைத் தூங்கியே தவறவிட்டேன். தோதராநுயியில் பிடிக்க வேண்டிய படகு போயிற்று. மாலை வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். சேறாகக் கிடந்த பரப்பு சத்தமில்லாமல் நிரம்பி ஏரியானதையும், பின் நீர் இறங்க இறங்க, சிவந்த அலகுடைய கரும்பறவைகள் அதன் விளிம்பை ஒட்டியே நடந்து சிப்பி தேடியதையும் பார்த்தபோது, படகு போன வருத்தம் தணிந்துவிட்டது. பறக்கத் தெரியாத வெக்கா என்னும் பழுப்புப் பறவை ஒன்று, கோழியைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டு வந்து, உலர வைத்திருந்த என் காலுறையைக் கவ்விக்கொண்டு புதருக்குள் ஓடியது. ஒற்றைக் காலுறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாலையில் வெறுங்காலோடு இறங்கினால், உடைந்த சிப்பி ஓடுகள் பாதத்தைக் கிழிக்கின்றன. செருப்போடு இறங்குவதே நல்லது.

முழங்கால் வலியோடு நடக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முழுப்பாதை வேண்டாம். மாரஹாவிலிருந்து வாடகைப் படகில் பார்க் (Bark) வளைகுடாவில் இறங்கி, 47 மீட்டர் நீளத் தொங்குபாலத்தைக் கடந்து ஆங்கரேஜ் வரை நடந்தால், காட்டையும் கடலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் கைத்தடி இருந்தால் சமாளிப்பாய். டாங்கா தீவின் கடல்நாய்களைப் படகிலிருந்தே பார்க்கலாம். எந்த வாரம் போகிறாய் என்று எழுது, ஓத அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறேன். அலாரத்தை மட்டும் நீயே வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்