ஆடு தின்ற இலையிலும் அதே அணுதான்

மாதாமாதம் அறிவியல் சொற்பொழிவு நடத்தும் எங்கள் ஊர் மன்றத்து நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சுண்டல் நன்றாக இருந்தது. மைக்கும் இந்தத் தடவை கரகரக்கவில்லை. எனக்குள்ள குறை பேச்சைப் பற்றி. அதிலும் பாதிப் பழி என்னைச் சேர்ந்தது.

பேச்சாளர் சொன்னது இதுதான். சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும். குளோரின் முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற வாயு. இரண்டும் சேர்ந்தால் சாப்பாட்டு உப்பு. கெட்டது இரண்டு சேர்ந்து நல்லதாகிறது, ஆகவே இயற்கை தன் இயல்பிலேயே நன்மையை நோக்கிப் போகிறது. கைதட்டல். அப்போது முன்வரிசையிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, "அப்போ அணுகுண்டு சார்?" என்றாள். "அது மனுஷன் செஞ்ச தப்பும்மா, இயற்கை செஞ்சதில்ல" என்று பதில் வந்தது. மறுபடியும் கைதட்டல். அவள் உட்கார்ந்துவிட்டாள். பதில் கிடைத்த முகமாக அது எனக்குத் தெரியவில்லை.

நான் முப்பத்தோரு வருஷம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன். இந்த உப்புக் கதையை வருஷா வருஷம் நானும் சொல்லியிருக்கிறேன். "சோடியத்துக்கிட்ட ஒரு எலக்ட்ரான் மிச்சம், குளோரினுக்கு ஒண்ணு குறைச்சல். இது கொடுக்கும், அது வாங்கும், ரெண்டும் நிம்மதி." பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ஆனால் அந்தக் 'கொடுக்கும்' என்ற சொல் சுத்தப் பொய். வாயு நிலையில் ஒரு மோல் (வேதியியலில் அணுக்களை எண்ணுகிற அளவு) சோடியம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகிறது. குளோரின் அதை வாங்கிக்கொள்ளும்போது 349தான் திரும்புகிறது. 147 கையை விட்டுப் போகிறது. கணக்கு இதோடு முடிந்தால் உப்பே கிடையாது. எலக்ட்ரானை இழந்ததும் வாங்கியதுமான இரண்டு அயனிகளும் அடுக்கடுக்காகப் படிகமாக உட்காரும்போது 787 கிலோஜூல் வெளியே வருகிறது பாருங்கள், அதில்தான் கடன் அடைகிறது. இதில் தானமும் இல்லை, தர்மமும் இல்லை. ஆற்றல் குறைகிற பக்கமாகச் சரிவு இருக்கிறது, அவ்வளவுதான். பள்ளத்தைப் பார்த்துத் தண்ணீர் ஓடினால் அதைத் தண்ணீரின் கருணை என்றா சொல்கிறோம்?

உப்புக்கு எதிர்க்கதை நம் பக்கத்துக் காட்டிலேயே இருக்கிறது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. கார்பன் சாதுவானது. சோற்றிலும் சர்க்கரையிலும் பென்சில் முனையிலும் இருப்பது. நைட்ரஜன் அதைவிடச் சாது. நாம் இழுக்கிற காற்றில் 78 சதவீதம் அதுதான், உள்ளே போய் அப்படியே வெளியே வந்துவிடும். இந்த இரண்டு சாதுக்களும் முப்பிணைப்பில் ஒட்டிக்கொண்டால் சயனைடு. குச்சிக்கிழங்கு இலையில் அது சர்க்கரையோடு கட்டிப்போட்டபடி இருக்கும். ஆடு மெல்லும்போது செல் உடைந்து நொதி பட்டுக் கட்டு அவிழும்.

எங்கள் வீட்டு வெள்ளாடு ஒன்று ஒருநாள் சாயங்காலம் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் இளங்கொழுந்தாகப் பார்த்து மேய்ந்துவிட்டது. அரை மணிக்குள் கால் பின்னி விழுந்தது. மூச்சை இழுத்து இழுத்து விட்டது. வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே நல்ல சிவப்பு. மூச்சுக்குத் திணறுகிற உயிரின் நிறமே இல்லை அது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறையத்தான் இருக்கும், ஆனால் செல்லுக்குள் அதைப் பயன்படுத்துகிற நொதியின் இரும்பைச் சயனைடு பிடித்துக்கொண்டுவிடும். கால்நடை மருத்துவர் வந்து சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டார். ஆய்வகத்தில் 'ஹைப்போ' என்று நான் பியூரெட்டில் ஊற்றிக்கொண்டிருந்த அதே சரக்கு. ஆடு பிழைக்கவில்லை. செடியைக் கேட்டால் அந்த விஷம் நல்லது என்றுதான் சொல்லும். அது இல்லாவிட்டால் காட்டில் குச்சி மட்டும்தான் மிஞ்சும்.

உங்கள் பேச்சாளருக்கு உப்பைவிட வலுவான உதாரணம் ஒன்று இருந்தது, அதை ஏனோ தொடவில்லை. நட்சத்திரத்துக்குள் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்துதான் கார்பன் பிறக்கிறது. முதலில் இரண்டு சேர்ந்து பெரிலியம்-8 ஆகும். அது நொடியின் கோடி கோடியில் ஒரு பங்கு நேரம்கூடத் தாங்காமல் உடைந்துவிடும். அதற்குள் மூன்றாவது வந்து சேரவேண்டும். கார்பன் அணுக்கருவுக்கு 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் ஒரு ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உலகில் இவ்வளவு கார்பன் வந்திருக்கவே முடியாது என்று பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயில் சொன்னார். கலிஃபோர்னியாவில் இயற்பியலாளர் வில்லியம் ஃபவுலரின் ஆய்வகத்தில் முதலில் யாரும் நம்பவில்லை. 1953இல் தேடிப் பார்த்தார்கள், இருந்தது. (1983 நோபல் பரிசு ஃபவுலருக்கும் நம் சந்திரசேகருக்கும் போனது, ஹாயிலுக்கு இல்லை. அங்கேயும் நியாயம் தானாக நடந்துவிடவில்லை.) இதைக் கேட்டால் எனக்கே ஒரு நிமிஷம் சிலிர்க்கும். ஆனால் நமக்குத் தோதாக அமைந்தது என்பதும் நம்மை நினைத்து அமைந்தது என்பதும் ஒன்றல்ல. அந்த நிலை கொஞ்சம் பிசகியிருந்தால் நாம் இல்லை. சரி, சயனைடும் இருந்திருக்காது.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். 1972இல் பிரான்சில் யுரேனியத்தைச் சோதித்தவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார்கள். யுரேனியத்தில் எளிதாகப் பிளக்கிற வகையான யுரேனியம்-235, எங்கே எடுத்தாலும் 0.720 சதவீதம் இருக்க வேண்டும். இதில் 0.717. சின்ன வித்தியாசம்தான், ஆனால் குண்டு செய்கிற சரக்காயிற்றே, பதறிப்போனார்கள். தாது வந்த இடம் ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கம். சுமார் 200 கோடி வருஷங்களுக்கு முன் அங்கே பாறைக்குள் தானாகவே அணு உலை ஓடி, அந்த 235இல் கொஞ்சத்தைத் தின்றிருக்கிறது. அந்தக் காலத்தில் யுரேனியம்-235இன் பங்கு 3 சதவீதத்தை ஒட்டி இருந்தது, இன்றைய உலை எரிபொருள் மாதிரி. ஊறி வந்த நிலத்தடி நீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்தது, பிளவு தொடங்கியது. சூடேறித் தண்ணீர் ஆவியானதும் நின்றது. ஆறியதும் தண்ணீர் ஊறி மறுபடியும் தொடங்கியது. அரை மணி நேரம் ஓடும், இரண்டரை மணி நேரம் ஓய்வு. பல லட்சம் வருஷம் இப்படியே. மனுஷன் என்கிற பேச்சே அப்போது கிடையாது.

ஆகவே அணுவைப் பிளந்தது மனுஷன்தான் முதலில் என்று அவளிடம் சொல்லாதீர்கள். ஒரு நியூட்ரான் மோதினால் கரு உடைந்து இரண்டு மூன்று நியூட்ரான்களைத் துப்பும். ஓக்லோவில் அது தண்ணீரைக் கொதிக்க வைத்தது, 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் ஊரை எரித்தது. யுரேனியத்துக்கு இரண்டும் ஒன்றுதான். குண்டைச் செய்ததும் ஊரைத் தேர்ந்தெடுத்ததும் போட்டதும் ஆட்கள். அவர்கள் பெயரும் பதவியும் வரலாற்றில் இருக்கிறது. 'இயற்கை நல்லது, மனுஷன் கெட்டவன்' என்று ஒரே வரியில் முடித்தால் அந்தப் பெயர்கள் எல்லாம் மறைந்துவிடும். அது மட்டுமா, மனுஷனும் அதே கார்பனும் நைட்ரஜனும்தானே. அவனை எந்தக் கணக்கில் இயற்கைக்கு வெளியே நிறுத்துவது?

கூட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த மாதம் கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், முதல் கேள்வி அந்தப் பெண்ணுடையதாக இருக்கட்டும். பேச ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், பொன்னாடை வேண்டாம். சுண்டலுக்குப் பதில் எங்கள் காட்டுக் குச்சிக்கிழங்கையே அவித்துக் கொண்டுவருகிறேன். அம்மா செய்த மாதிரி மூடி போடாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்