முத்திரையை எதிர்க்க நீதிமன்றம் ஒன்றுதான் வழியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவான வர்த்தக முத்திரையை எதிர்க்க நீதிமன்றப் படியேறுவதே ஒரே வழி என்ற தொனியில் உங்கள் கட்டுரை இருந்தது. அது சரியல்ல. பதிவை நீக்கக் கோரி, பதிவு செய்த அலுவலகத்திலேயே மனு கொடுக்கலாம். இந்த வழியை 2023 ஜனவரி 14-க்குள் திறந்துவிடும்படி உறுப்பு நாடுகளுக்கு ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டு உத்தரவு கெடு விதித்திருந்தது.

‘ரத்து’, ‘செல்லாது’ இரண்டையும் கட்டுரையாளர் ஒன்றாகக் குழப்பியிருக்கிறார். செல்லாது என்றால் அந்தப் பதிவு தொடக்கத்திலிருந்தே இல்லை என்று பொருள். ரத்து பொதுவாக மனு கொடுத்த நாளிலிருந்துதான். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தவில்லை என்று ரத்து கோரினால், பயன்படுத்தியதை நிரூபிக்க வேண்டியவர் உரிமையாளர். மனுதாரர் கையை வீசிக்கொண்டு வரலாம்!

இதற்கு உதாரணமாக, மெக்டொனால்ட்ஸின் ‘பிக் மேக்’ என்ற பர்கர் பெயர் விவகாரமே போதும். அயர்லாந்தின் துரித உணவு நிறுவனமான சூப்பர்மேக்ஸ், அந்த முத்திரையை ரத்து செய்யக் கோரி 2017-இல் மனு கொடுத்தது. பெயரைப் பயன்படுத்தியதற்கு மெக்டொனால்ட்ஸ் தந்த ஆதாரங்களில் விக்கிப்பீடியா பக்கத்தின் அச்சுப் பிரதியும் ஒன்று. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு விற்பனைக் கணக்கா கிடைக்கவில்லை? 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் முத்திரைப் பதிவு அலுவலகம் அதை ரத்து செய்தது. அதே அலுவலகத்தில் செய்த மேல்முறையீட்டில் மாட்டிறைச்சி பர்கருக்கு அந்தப் பெயர் தப்பியது. கோழி பர்கருக்கான உரிமை 2024 ஜூனில் ஒன்றியப் பொது நீதிமன்றத்தில் பறிபோனது.

நீதிமன்றம் வந்தது கடைசியில்தான். திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

வாசகர் ஒருவர்