உளி பிடிக்க வழிவிட்டவர்களுக்கு எங்கள் நன்றி

எல்லாருக்கும் வணக்கமுங்க.

திருப்பூர் பக்கத்துத் திருமுருகன்பூண்டியில் கற்சிற்பம் பழகி, இப்போது சொந்தமாக வேலை எடுத்துச் செய்யத் தொடங்கியிருக்கும் நாங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. சாமி எங்களுக்கென்று ஒதுக்கி வைத்த வேலை இது என்று முழுமனதாக நம்புகிறோம். அதைச் செய்ய வேண்டிய கல்லும் இரும்பும் சோறும் அவகாசமும் உங்கள் வழியாகத்தான் வந்து சேர்ந்தன.

முதல் நன்றி கல்குவாரி அண்ணன்மாருக்கு. கல்லைப் பிரித்ததுமே, பூமியைப் பார்த்துக் கிடந்த பக்கத்தில் காவியால் குறி போட்டு அனுப்பினீர்கள். அந்தப் பக்கம்தான் சிலைக்கு முகம். வெயிலும் மழையும் தின்ற மேல்பக்கம் முதுகுக்குப் போக வேண்டும். லாரியில் புரட்டி ஏற்றிய பிறகு எது மேல், எது கீழ் என்று யாராலும் சொல்ல முடியாது. சுத்தியலால் தட்டி, மணிபோலக் கணீரென்று நின்று ஒலிப்பது ஆண் கல், மென்மையாக ஒலிப்பது பெண் கல், ஓசையே எழாதது சிலைக்கு ஆகாது என்று காதுக்குப் பழக்கியதும் நீங்களே. தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம். கல்லின் மேல்பரப்பு காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நின்றால் அது மயிரிழை விரிசல். அங்கே முகமோ கையோ வரக்கூடாது.

கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ இருக்கும். மூன்றடிச் சிலைக்கான கல்லே அரை டன்னைத் தாண்டும். பாரம் தூக்கும் செயின் பிளாக்கும் அதைத் தொங்கவிடும் முக்காலியும் கொடுத்து, கூலி கேட்காமல் இறக்கிவிட்ட தோழர்களை மறக்க மாட்டோம்.

கொல்லுப்பட்டறை ஆசாரி அய்யாவுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. உளி நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நுனியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, அரை அங்குலம் மட்டும் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். உடனே சாணைக்கல்லில் ஒரு இழுப்பு. மேலே மிச்சமிருக்கும் சூடு நுனிக்கு இறங்கும்போது நிறம் ஓடும். வைக்கோல் மஞ்சள் நுனியைத் தொட்டதும் முழு உளியையும் நனைத்துவிட வேண்டும். மஞ்சள் வருமுன் நனைத்தால் நுனி தெறிக்கும், நீலம் ஏறும்வரை விட்டால் மழுங்கும். காய்ச்சும்போது வரும் சிவப்பைப் பட்டப்பகல் வெளிச்சத்தில் சரியாகக் கணிக்க முடியாது என்பதற்காகவே விடியும் முன் உலை மூட்டி எங்களுக்குக் காட்டினீர்கள்.

எங்கள் ஸ்தபதியாரின் காலைத் தொட்டுக் கும்பிடுகிறோம். சாமி சிலைக்கான உத்தம தசதாளம் என்ற அளவுமுறையை விரல்விட்டு எண்ணவைத்தே மனதில் ஏற்றினார்: தலையுச்சி முதல் நெற்றிமுடி வரை 4, முகம் 13½, கழுத்து 4, மார்பு வரை 13½, தொப்புள் வரை 13½, அதன்கீழ் தொடை தொடங்கும் வரை 13½, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. மொத்தம் 124 அங்குலம். அம்மனுக்கு 120. இந்த அங்குலம் கடை ஸ்கேலில் உள்ளது அல்ல. சிலையின் உயரத்தை 124-ஆகப் பிரித்தால் வருவது. மூன்றடிச் சிலையில் அது ஏழரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கிரீடமும் பீடமும் இந்தக் கணக்கில் சேராது, கல் வாங்கும்போதே தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அவர் சொல்லி எங்கள் கையில் நின்றுபோன இன்னொன்று. உளியை நேர்குத்தாக வைத்து அடித்தால் அடி கல்லுக்குள் இறங்கி வெள்ளைத் தழும்பாக நிற்கும். மெருகு போட்டாலும் மறையாது. ஆகவே முடிக்கும் பரப்பை நெருங்குமுன்பே உளியைச் சாய்த்துவிட வேண்டும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள கல்லைக் கடைசிவரை தொடக்கூடாது. விரலும் மூக்கும் அதற்கும் பிறகு.

நெஞ்சுப் பரிசோதனைக்கு வற்புறுத்திக் கூட்டிப்போன செவிலியர் அக்காவுக்கு நன்றி. கருங்கல் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது. மூக்கில் துண்டைக் கட்டினால் நுண்தூள் நிற்காது, என்95 முகக்கவசம் வேண்டும். கிரைண்டர் ஓடும்போது தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், தரையை நனைக்காமல் கூட்டக்கூடாது. ஈரத்தில் மின்சாரம் புழங்குவதால், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீசியன் தம்பிக்கும் இங்கேயே ஒரு கும்பிடு.

பனியன் கம்பெனியில் எங்களை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டர் அண்ணன்கள் பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு மாற்றிவிட்டு, பாதி நாள் பட்டறைக்கு அனுப்பினார்கள். மனதுக்குப் பிடித்த வேலைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வதும் இதுதான்: கை பழகும்வரை வாரச் சம்பளத்தை முழுதாக விட்டுவிடாதீர்கள். அம்மி, நாகர், பீடம் என்று சின்ன வேலைகளில் காசு வரத் தொடங்கட்டும். கல்லும் நெஞ்சும் ஒத்துப்போகிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். மாசம் தவறாத வருமானத்தை விட்டுக் கல்லடிக்கப் போவதைப் பொறுத்துக்கொண்ட அம்மா, அய்யன், அப்புச்சி, அம்மாயி எல்லாருக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது.

புதுக் கைகளை நம்பி கன்னிமாரையும் கருப்பராயனையும் செய்யச் சொன்ன ஊர்ப் பெரியவர்களே, கும்பாபிஷேகத் தேதி நெருங்கியும் நீங்கள் அவசரப்படுத்தவில்லை. சிலையை நீரில் கிடத்த வேண்டிய நாட்களைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. கண் திறப்புக்கு எங்களையே முன்னே நிற்க வைத்தீர்கள்.

மடலில் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடுகளில் அம்மியோ ஆட்டுக்கல்லோ தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தால் சொல்லியனுப்புங்க, வந்து கொத்தித் தருகிறோம், கூலி வேண்டாம். கொத்தியதும் கழுவி, ஒரு பிடி அரிசியில் கல்லுப்பு சேர்த்து இரண்டு மூன்று முறை அரைத்துக் கொட்டிவிடுங்கள். மாவில் கல்தூள் வராமல் வெள்ளையாக வந்த பிறகு சட்னி அரைக்கலாம்.

நன்றியுடன்,
பூண்டிப் பட்டறையில் பழகிய சிற்பிகள்